படத்தில் வராத இடம்

உங்களில் யார் என் வீட்டுக்கு வந்தாலும், காப்பி டம்ளர் கைக்கு வருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "சார், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் எது?" ஆணி விழுங்கியவன் கதை, தோட்டுத் திருகாணியை மூக்கில் போட்டுக்கொண்ட குழந்தையின் கதை என்று ஏதாவது எடுத்து விடுவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். அதையெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. இன்றைக்கு நான் சொதப்பிய கதையைச் சொல்கிறேன். சொதப்பல் என்பதுகூட எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகைதான். ஒரு பெண்ணின் உயிர் விஷயத்தில் நான் செய்த தப்பு அது. எக்ஸ்ரே டெக்னீசியன் தவிர வேறு எவனும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அதனால்தான் அதே வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் சொல்கிறேன்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகிச் சில வருஷம் ஆகியிருந்த நேரம். அரியலூரைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். எங்கள் ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்பு மாற்றியே ஓய்ந்து போனோம். நான் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாதவர்கள் கேட்க வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அதில் ஒருவர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காருகிறார்.

உங்களுக்கு இப்போது பட்டனைத் தட்டினால் திரையில் எலும்பு வந்து நிற்கிறது. எங்களுக்கு இருட்டறை. படத்தைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினால்தான் உண்டு. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்துவிடுவேன். "இந்தா இங்க மயிரிழை விரிசல்" என்று விரல் வைப்பேன். பெரிய டாக்டரே, "நீ என்னய்யா சொல்ற?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். என் கண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவு திமிர். அந்தத் திமிர்தான் இந்தக் கதை.

பெண்களுக்குப் படம் எடுக்கும்போது துணைக்கு ஆயா மருதாயி உள்ளே இருப்பார். குரும்பலூர்ப் பக்கத்துக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குப் பயந்து அட்டெண்டர்கள் ஓடி ஒளிவார்கள்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு மெடிக்கல் சார் அவருடைய மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தவர், அதனால் அந்தப் பெயர். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். ரத்ததான முகாமா, கண் சிகிச்சை முகாமா, பந்தல் போடுவதிலிருந்து பிஸ்கட் வாங்குவது வரை அவர்தான். மருந்து வாங்க வழியில்லாதவன் கடை வாசலில் நின்றால் சும்மாவே கொடுத்து அனுப்புவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. எல்லோரையும் 'வாங்க, போங்க'தான், மருதாயியைக்கூட 'மருதாயிம்மா' என்பார். என்னை 'எக்ஸ்ரே சார்' என்று கூப்பிடுவார்.

மனைவி அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் மகள் அவரிடம்தான் படித்தாள். "அந்த டீச்சர் மட்டும் பிரம்பே எடுத்துக்கிட்டு வர மாட்டாங்கப்பா" என்பாள். நல்ல உயரம், விறைப்பான காட்டன் புடவை, நிமிர்ந்த நடை. அவர் வராண்டாவில் வந்தால் நர்ஸுகளே எழுந்து நிற்பார்கள். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்க எக்ஸ்ரே சார்" என்றார் மெடிக்கல் சார். "நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன், சோப்புத் தண்ணிய கழுவி வுடுங்கன்னு. கேக்கணுமே." அவர் சொல்லும்போது டீச்சர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது முன்கை வீங்கியிருந்தது. விலாப் பக்கமும் வலிக்கிறது என்று டாக்டர் நெஞ்சுக்கும் சேர்த்துச் சீட்டு எழுதியிருந்தார்.

மருதாயி உள்ளே உடை மாற்ற உதவினார். படம் எடுத்தேன். கையைத் திருப்பச் சொன்னபோதுகூட டீச்சர் முனகவில்லை. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்த மருதாயி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"சார், டீச்சரம்மா முதுவப் பாத்தியளா?"

"நான் எதுக்கு அவங்க முதுவப் பாக்கணும்?"

"கோடு கோடா கெடக்கு சார். பழசும் புதுசுமா. வழுக்கி வுழுந்தா முதுவுல கோடு வுழுவுமா?"

"மருதாயி, வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு. யாரு வூட்டுக் கதைய யாருகிட்ட பேசுற? அந்த மனுஷன் காதுல வுழுந்தா என்ன நெனப்பாரு?"

கவனித்தீர்களா? அவர் காதில் விழுந்தால் அவர் மனசு நோகுமே என்றுதான் எனக்குக் கவலை. வெளியே பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை.

படம் வந்தது. முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் உடைந்திருந்தது. மணிக்கட்டு சுத்தமாக நன்றாக இருந்தது. இது உங்களுக்குப் பாடத்திலேயே வரும். விழுகிறவன் கையை ஊன்றுவான், மணிக்கட்டு போகும். மேலே வருகிற அடியைத் தடுக்கக் கையைக் குறுக்கே தூக்கினால்தான் இந்த இடத்தில் இப்படி உடையும். எனக்கும் தெரியும். நூறு சண்டைக் கேஸில் பார்த்ததுதான். வயல் வரப்புத் தகராறில் வந்தவனாக இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் "எவன்டா தடியால அடிச்சான்?" என்று கேட்டிருப்பேன். காட்டன் புடவை கட்டிய கணக்கு டீச்சரிடம் அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை.

நெஞ்சுப் படம் அதைவிட மோசம். இடது பக்கம் இரண்டு விலா எப்போதோ உடைந்து தானாகச் சேர்ந்து, அந்த இடத்தில் புடைத்துக் கிடந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். டாக்டர் கண்ணுக்குத் தப்பியிருக்கக்கூடியதை நான் பிடித்துவிட்டேன் அல்லவா! நேரே கதவைத் திறந்து மெடிக்கல் சாரை உள்ளே கூப்பிட்டேன். நோயாளியை அல்ல, அவரை. மருந்து விஷயம் தெரிந்தவர், படித்தவர், என் கெட்டிக்காரத்தனம் புரியும் என்ற நினைப்பு. வெளிச்சப் பெட்டியில் ஈரப் படத்தை மாட்டி, பென்சிலால் தொட்டுத் தொட்டு வகுப்பு எடுத்தேன்.

"இது புதுசு சார், கை. இந்த ரெண்டு விலா பாருங்க, இது பழசு. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இருக்கும். அப்பவே படம் எடுத்துருக்கணும் நீங்க."

அவர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நிஜமான ஆர்வத்தோடு கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ரெண்டு வருஷம் ஆனாலும் காட்டிக் குடுத்துடுமா எக்ஸ்ரே சார்?"

"எலும்புல பட்டா காட்டிடும் சார். பத்து வருஷம் ஆனாலும் சில இடத்துல தெரியும்."

"சதையில பட்டா?"

"அதெல்லாம் நமக்கு வராது சார். சதை, ரத்தக்கட்டு, காயம் இதெல்லாம் படத்துல வுழாது. எலும்பு மட்டுந்தான் நம்ம டிபார்ட்மெண்ட்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு படத்தையும் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். நோயாளியோடு வந்தவரிடம் கொடுப்பதுதான் அப்போது வழக்கம். எங்கள் பதிவேட்டில் நம்பர், பெயர், கை, நெஞ்சு என்று மட்டும் இருக்கும். என்ன தெரிந்தது என்று எழுதுகிற பழக்கம் கிடையாது. டாக்டர் அன்றைக்குக் கூட்டத்தில் கையை மட்டும் பார்த்து மாவுக்கட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டார். பழைய விலாவைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அதுதான் வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டேனே!

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் டீச்சர் எக்ஸ்ரே அறைப் பக்கம் வரவில்லை. மெடிக்கல் சார் வழக்கம்போல முகாம்களுக்கு வந்தார். "டீச்சர் எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டால், "உங்க புண்ணியத்துல நல்லா இருக்காங்க" என்பார். நானும் மருதாயியிடம் ஒருமுறை குத்திக் காட்டினேன். "என்னமோ சொன்னியே, பாரு, ரெண்டு வருஷமா ஒரு சின்ன அடிகூட இல்ல." மருதாயி தரையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். டீச்சர் தனியாக வந்தார். பள்ளியில் பெர்மிஷன் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறார். அதே நிமிர்ந்த நடை. ஆனால் நான் "வாங்க டீச்சர்" என்றது அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னதும் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார்.

"சார், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு எடுத்த படம் வேணும். நெஞ்சுல எடுத்தது."

"அதை அன்னிக்கே சார்கிட்ட குடுத்துட்டேனே டீச்சர்."

"இன்னொரு காப்பி இருக்குமா?"

"இங்க அப்படி வைக்கறது இல்லைங்க. வூட்டுல தேடிப் பாருங்களேன்."

"அன்னிக்கே கொல்லையில போட்டு எரிச்சிட்டாரு" என்றார்.

நான் முழித்தேன். மருதாயிதான் சட்டென்று கதவைச் சாத்திவிட்டு அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். டீச்சர் அழவில்லை. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுகிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். முதல் அடி விழுந்தது கல்யாணமான மூன்றாவது மாதம். இடது காது போனது போன வருஷம். அந்த வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்து சத்தம் கேட்டதற்காக மெடிக்கல் சார் தலையணையை டீச்சர் முகத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார். நினைவு தப்பியது. தெளிந்து பார்த்தால் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, "ஸ்கூலுக்கு நேரமாவுது, எந்திரிங்க" என்று தண்ணீர் நீட்டியிருக்கிறார்.

"இன்னைக்கு அந்த வூட்டுக்குத் திரும்பிப் போனா நாளைக்கு இருக்க மாட்டேன் சார். எனக்குத் தெரியுது. போலீஸுக்குப் போலாம்னா அங்க யாரு நம்புவாங்க? இன்ஸ்பெக்டர் அவருகூட முகாம்ல நிக்கறாரு. படம் ஒண்ணு இருந்தா காட்டலாமேன்னு வந்தேன்."

"டீச்சர், ரெண்டு வருஷமா நீங்க வரவே இல்லையே. நான் நெனச்சேன்..."

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்க அன்னிக்கு அவருக்குப் படம் காட்டினீங்களே சார். வூட்டுக்குப் போனதும் கதவத் தாழ்ப்பாள் போட்டுட்டுச் சொன்னாரு. 'எக்ஸ்ரே சார் நல்ல விஷயம் சொல்லிக் குடுத்தாரு. இனிமே படத்துல வராத எடமாப் பாத்துக்கறேன்'னாரு. அப்புறம் ஒரு எலும்பும் ஒடயல."

ஐயோ என்று எனக்கு வாய்விட்டு வந்துவிட்டது. அடித்தவனுக்கு எங்கே அடித்தால் மாட்டாது என்று பென்சில் வைத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

மருதாயி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "சார், மசமசன்னு நிக்காதிய. எலும்பு பத்து வருஷம் ஆனாலும் தெரியும்னு நீங்கதானே சொன்னிய? இப்ப எடுங்க" என்றார்.

டாக்டர் சீட்டு இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. மெமோ வாங்கிக் கொடுக்கும் விஷயம். இன்றைக்கும் உங்களுக்கு அதைத்தான் சொல்வேன், சீட்டு இல்லாமல் எடுக்காதீர்கள். அன்றைக்கு நான் எடுத்தேன். மருதாயியிடம், "புதுசா வந்திருக்கற லேடி டாக்டரைக் கையோட கூட்டிக்கிட்டு வா. யாருகிட்டயும் எதுவும் சொல்லாத" என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் கதவைத் தாழிட்டு வெளியே சிவப்பு விளக்கைப் போட்டேன். அது எரிந்தால் கலெக்டரே வந்தாலும் உள்ளே வரக்கூடாது என்பது விதி.

நெஞ்சுப் படம் எடுத்து, இருட்டறையில் கழுவிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"எக்ஸ்ரே சார்."

எதிர்க் கடை அல்லவா. டீச்சர் உள்ளே போவதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். பள்ளியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவர், அந்தக் குரல் கேட்டதும் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் மிச்சமிருந்த சந்தேகமும் எனக்குப் போனது. ஆமாம், அதுவரை ஓர் ஓரத்தில் சந்தேகம் இருந்தது. நல்ல மனுஷனாச்சே என்று. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

"படம் எடுத்துக்கிட்டிருக்கேன் சார். லைட்டு எரியுது பாருங்க" என்றேன்.

"யாருக்கு?"

"பேஷண்டுக்கு சார்."

பிறகு அதே மெதுவான குரல். "எங்க வீட்டம்மா உள்ள இருக்காங்கன்னு சொன்னாங்க. அவங்களுக்கு மனசு கொஞ்சம் சரியில்ல எக்ஸ்ரே சார். மாத்திரை குடுத்துக்கிட்டிருக்கேன். வெளியில சொல்லிக்கல. என்னென்னமோ பேசுவாங்க. கதவத் தொறங்க, நான் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

எவ்வளவு பொருத்தமாகப் பேசினார் பாருங்கள். கதவு திறந்திருந்தால் வராண்டாவில் நின்ற அத்தனை பேரும் அதை நம்பியிருப்பார்கள்.

"ஃபிலிம் சரியா வரலை சார். மறுபடி எடுக்கணும்" என்றேன். ஐந்து நிமிஷம் போனது. "மெஷின் சூடாயிடுச்சு, ஆறணும்" என்றேன். இன்னும் ஐந்து நிமிஷம்.

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார் அவர். அப்போதும் சிரிப்புக் கலந்த குரல்தான். "உங்க பொண்ணுக்குக் காலேஜ் சீட்டுக்கு நான்தானே ஆளப் பாத்துச் சொன்னேன்?"

அது உண்மைதான்.

பிறகு மருதாயியின் குரல். "தள்ளுங்க, டாக்டரம்மா வர்றாங்க." கதவைத் திறந்தேன். லேடி டாக்டருக்கு இருபத்தாறு இருபத்தேழு வயதுதான் இருக்கும். வேலைக்கு வந்து நான்கு மாதம். அவரும் மெடிக்கல் சாரை வணங்கிப் பழகியவர். "என்ன சார் பிரச்சினை?" என்று அவரிடம்தான் முதலில் கேட்டார். நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த அதே தப்பு. மெடிக்கல் சார் கையைக் கூப்பிக்கொண்டு மாத்திரைக் கதையை ஆரம்பித்தார். பின்னால் நர்ஸுகள், வார்டு பாய், மருந்துச் சீட்டோடு நின்ற ஜனங்கள். எல்லோர் முகத்திலும் அவருக்கான பரிதாபம்.

அப்போது ஒருவன் வாயைத் திறந்தாக வேண்டும். என்னைவிட்டால் ஆள் இல்லை.

"டாக்டர், அவரு வெளிய இருக்கட்டும். நீங்க மொதல்ல படத்தப் பாருங்க, அப்புறம் பேஷண்டப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எக்ஸ்ரே சார், நீங்களா?" என்றார் மெடிக்கல் சார். நான் அவருக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பு செய்கிறோமோ என்று இருந்தது. நல்லவன் என்று பெயர் எடுத்தவனை எதிர்த்து நிற்பது அவ்வளவு சங்கடமான காரியம்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார். படத்தில் பழைய விலாக்கள் அப்படியே இருந்தன. முன்கையையும் எடுக்கச் சொல்லி அவரே சீட்டு எழுதினார். அதிலும் பழைய முறிவு சேர்ந்த தடம் தெளிவாக வந்தது. பிறகு மறைப்புக்குப் பின்னால் மருதாயியை வைத்துக்கொண்டு டீச்சரை முழுக்கப் பரிசோதித்தார். வெளியே வந்தபோது டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. முதுகு, தொடை, கழுத்து, காதுக்குள் கிழிந்த சவ்வு என்று ஒவ்வொன்றாகப் பேனாவை அழுத்தி அழுத்தி விபத்துப் பதிவேட்டில் எழுதினார். "கணவர் தாக்கியதாக நோயாளி கூறுகிறார்" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். படங்களை யார் கையிலும் கொடுக்கவில்லை. மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் திருச்சியிலிருந்து டீச்சரின் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டுக்கு டீச்சர் திரும்பவில்லை.

ஊர் என்ன சொன்னது என்று கேட்கிறீர்களா? "குடும்ப விஷயத்துல மூக்க நொழச்சுட்டான்" என்று என்னைத்தான் சொன்னது. என் மனைவியே ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "ஒரு குடும்பத்தப் பிரிச்சிட்டு வந்து நிம்மதியா சோறு தின்றீங்களே" என்றாள். மெடிக்கல் சாருடைய கடை வாசலில் முன்னைவிடக் கூட்டம். பாவம், மனைவி இப்படிப் பண்ணிவிட்டாளே என்று துக்கம் விசாரிக்கிற கூட்டம்.

அதற்குப் பிறகு நான் எடுத்த ஒவ்வொரு படத்திலும் தேட ஆரம்பித்தேன். நம்ப மாட்டீர்கள், எல்லா விதமான ஆளும் வந்தார்கள். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், முந்திரித் தோப்பும் நெல் வயலுமாக வசதியான குடும்பம். மகன் அவரைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் படுக்க வைத்தான். மகனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால், பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "பயபுள்ள பேர எழுதிப்புடாத சாமி" என்று அழுகிறார். ஒரு லாரி டிரைவர், ஆறடி ஆள், மீசை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை. இருமலுக்கு நெஞ்சுப் படம் எடுக்கச் சட்டையைக் கழற்றினால் தோளெல்லாம் வெந்த காயம். மனைவி கொதிக்கிற எண்ணெயை ஊற்றியிருக்கிறாள், மூன்றாவது தடவை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று எஞ்சின் சூட்டில் பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். படிப்பு, வசதி, உயரம், மீசை, எதுவும் இதற்குத் தடுப்பு இல்லை.

நம் அறையில் ஒரு வசதி இருக்கிறது, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்குள்ளும் கூட வந்தவர் வருவார், வார்டிலும் கட்டிலோரம் நிற்பார். எக்ஸ்ரே அறையில்தான் சட்டப்படி அவரை வெளியே நிறுத்தலாம், அவரும் சந்தேகப்பட மாட்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். "வீட்டுல யாரும் கை வைக்கறாங்களா?" அவ்வளவுதான். பத்துப் பேரில் ஒன்பது பேர் இல்லை என்பார்கள். திட்டுவார்கள்கூட. திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண்டதை டாக்டரிடம் சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதுங்கள். கூட வந்தவரிடம் உங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாதீர்கள்.

டீச்சருடைய வழக்கு மூன்று வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தது. நான் சாட்சி. மெடிக்கல் சாருடைய வக்கீல் நல்ல விவரமான ஆள். என்னிடம் குரலை உயர்த்தவே இல்லை.

"முதல் தடவை எடுத்த படத்துலயே பழைய முறிவு இருந்துதுன்னு சொல்றீங்க. அதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"டாக்டர்கிட்ட?"

"இல்லைங்க."

"பதிவேட்டுல எழுதினீங்களா?"

"இல்லைங்க."

"அந்தப் படத்தை யார்கிட்ட குடுத்தீங்க?"

"அவருகிட்ட."

"இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர் நீங்க. உங்களுக்கு அவர் மேல சந்தேகம் வரலையா?"

"வரலைங்க."

"ஏன் வரலை?"

நான் டீச்சர் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தேன். வலது காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அவரு நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

வக்கீல் மெல்லச் சிரித்துவிட்டு நீதிபதி பக்கம் திரும்பினார். "அரசுத் தரப்புச் சாட்சியே சொல்றார். இதைக் குறிச்சுக்கணும். வேற கேள்வி இல்லை" என்றார்.

மெடிக்கல் சார் விடுதலையானார். சந்தேகத்தின் பலன் அவருக்குப் போனது. என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வரி தீர்ப்பிலும் இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

சாட்சி சொன்ன அன்றைக்குக் கோர்ட்டு வேப்பமரத்தடியில் டீச்சரும் அவருடைய அக்காவும் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊரில் இருந்தார். நான் அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றேன். "மன்னிச்சுக்குங்க டீச்சர். ரெண்டு தடவையும் நான்தான் உங்களக் கவுத்துட்டேன். அங்க வேற ஏதாவது சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் கையிலிருந்த பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வேற என்ன சொல்லுவீங்க சார்? உண்மையத்தானே சொன்னீங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன், பதினோரு வருஷம். அவரு நல்ல மனுஷன், நம்மகிட்டதான் ஏதோ தப்பு இருக்குன்னு."